பள்ளமில்லாத இடத்தில் போட்ட கோடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளுடைய சம்பளச் சீட்டு மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. கண்ணாடிக் குழாயில் ஒட்டிய சீட்டு ஒரு நூல் கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கீழ்த்தளத்தில் ரத்தம் எடுப்பவர்கள், படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே மேசையைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். "எமனே வந்தாலும் அடையாள அட்டையக் காட்டச் சொல்லும் இந்தம்மா" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அது அவள் காதிலும் விழும். விழுந்தால் அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருக்கும். அதைவிடப் பெரிய பட்டம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் பள்ளமே இல்லாத இடத்தில் கோடு போட்டாள்.

அவளுக்கு ஒரே தங்கை, பன்னிரண்டு வயது இளையவள். கறாரக்கா கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவையும் தங்கையையும் காப்பாற்றுவதிலேயே தலை நரைத்துவிட்டது. தங்கை வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள். காலையில் பட்டறையிலிருந்து மூட்டை வரும், மாலையில் போகும். அவள் புருஷன் பேருந்து ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. சுவரைப் பார்த்துக்கூட வேடிக்கை பேசுவான்.

அவன் ஒரு காலத்தில் குடித்தவன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே குடித்தவன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவனை மருந்துக் கடைக்கு அனுப்பினார்கள். கால் மணி நேரத்து வேலை. மூன்று மணி நேரம் கழித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தான், மருந்துப் புட்டியை வாசற்படியில் போட்டு உடைத்தான். அடுத்த வாரம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்த மருந்து உள்ளே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். கறாரக்கா கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் அன்றோடு குடியை விட்டான். பதினோரு வருஷம் ஆயிற்று. அவள் அன்றோடு அந்த வீட்டில் சாப்பிடுவதை விட்டாள். அதற்கும் பதினோரு வருஷம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். கதவோரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடிப்பாள். எழுந்து வந்துவிடுவாள்.

"ஏய், அக்கா வந்தாச்சு. குழாயத் தொற, விருந்து வைக்கணும்" என்பான் அவன்.

"சும்மா இருங்க" என்பாள் தங்கை.

கறாரக்கா சிரிக்க மாட்டாள். அந்த வேடிக்கைக்குப் பதினோரு வருஷமாகச் சிரிக்காமல் இருப்பதும் ஒரு உழைப்புத்தான்.

இப்போது அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் செய்தது என்னவென்று விளங்காது. ரத்தத்தில் இரும்புச் சத்தைச் சுமந்து திரிகிற ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்து அனுப்புவது ஈரல். சும்மா அனுப்பாது. சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல அதன்மேல் சர்க்கரையைக் கோத்துத் தைத்து அனுப்பும். ஒரு சட்டைக்கு இரண்டு பட்டி, பட்டிக்கு இரண்டு பொத்தான், ஆக நாலு. நல்ல ஈரலிலிருந்து வருவதில் பெரும்பாலும் நாலும் இருக்கும். நாள் தவறாமல் நிறையக் குடிப்பவனின் ஈரல், பட்டியையே விட்டுவிட்டு இரண்டு பொத்தானோடு நிறையச் சட்டைகளை வெளியே தள்ளும்.

மூன்றாம் மாடியில் இருந்த இயந்திரம் இந்தச் சட்டைகளை எண்ணிப் பிரித்துக் காகிதத்தில் மேடு மேடாக வரையும். நாலு பொத்தான் பெரிய மேடு. மூன்று பொத்தான் சின்ன மேடு. இரண்டு பொத்தான் அதைவிடச் சின்னது. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் இயந்திரமே கோடு போட்டு, இரண்டு பொத்தான் மேடு எவ்வளவு பெரியது என்று அளந்து சொல்லும். அளவு தாண்டினால் ஆள் குடிக்கிறான் என்று பொருள். பேருந்துக் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை தன் ஓட்டுநர்களின் ரத்தத்தை அங்கேதான் அனுப்பியது.

ஆனால் ஈரல் வேறு நோயில் வெந்து போயிருந்தால், அது பொத்தானை விடாது. வேண்டாத இடத்தில் ஒன்றைக் கூடுதலாகத் தைத்துவிடும். அந்தச் சட்டை இந்தக் குவியலிலும் சேராது, அந்தக் குவியலிலும் சேராது, நடுவில் விழும். பள்ளம் தூர்ந்துபோகும். இரண்டு பொத்தான் மேடும் மூன்று பொத்தான் மேடும் ஒட்டி ஒரே சரிவாக ஓடும். இயந்திரத்துக்கு எங்கே கோடு போடுவதென்று தெரியாது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். கையால் கோடு போட வழி உண்டு, ஆனால் பள்ளம் லேசாகவாவது தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் என்ன செய்வது என்று இயந்திரத்துக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது: "மேடுகள் ஒட்டியிருந்தால் கோடு போடாதே. படிக்க முடியவில்லை என்று எழுது. ஈரலைப் பார்க்கச் சொல்."

அதை எழுதி ஒட்டியவளே கறாரக்காதான்.

அந்த வருஷம் தங்கை புருஷனிடம் அவள் சில மாற்றங்களைக் கண்டாள். உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தான். சட்டை தோளில் தொங்கியது. சீப்பை எடுத்து முதுகையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருந்தான். எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய்.

"என்ன தம்பி, புதுசா மிட்டாய்?"

"வாயெல்லாம் ஒரே கசப்புக்கா. உங்க தங்கச்சி என்னத்தக் கலந்து போடுறாளோ."

"கலந்துதான் போடுறேன். இன்னும் சாகலையே நீங்க" என்றாள் தங்கை, நூலைப் பல்லால் கடித்தபடி.

அவர்கள் சிரித்தார்கள். கறாரக்கா தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். வாடையை மறைக்கத்தான் மிட்டாய் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆரம்பித்துவிட்டான், பழைய குணம் எங்கே போகும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு வீடு வந்தாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனிக் குழாய்கள் வந்தன. குழாயில் எண்தான் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். பதினேழாம் குழாயின் தேதியைப் பார்த்ததும் அது தங்கை புருஷனுடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சொந்தக்காரர் குழாய் வந்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது கூடத்து வழக்கம். பக்கத்து மேசைக்காரிக்கு அன்று விடுப்பு. மறுநாள் வந்துவிடுவாள், அதுவரை குளிர்பெட்டியில் வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கறாரக்கா வைக்கவில்லை. தன் கையாலேயே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

மேடு ஒட்டியிருந்தது. பள்ளம் இல்லை. ஓரத்தில் சிவப்புப் புள்ளி.

சுவரில் அவள் கையெழுத்து அவளையே பார்த்தது. அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியாததா" என்று வாய்விட்டே சொன்னாள். சரிவில் ஓரிடத்தில் கோட்டைப் போட்டாள். ஒரு மயிரிழை இந்தப் பக்கம் போட்டிருந்தால் அளவுக்குள் நின்றிருக்கும். போட்ட இடத்தில் அளவு தாண்டிற்று. கீழே கையெழுத்தும் போட்டாள். கை நடுங்கவில்லை. பின்னாளில் அவளைக் குடைந்ததே அதுதான், அந்தக் கை நடுங்கவில்லை என்பது.

ஒரு வாரத்தில் கம்பெனி அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது. பணிமனையில் பேருந்து கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள். தங்கை பொத்தான் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"தொடவே இல்லைங்கிறாருக்கா. அழறாரு. அந்த மனுஷன் அழுது நான் பாத்ததே இல்ல. நீ சொல்லு, அந்த மெஷின் தப்பாச் சொல்லுமா?"

கறாரக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"மெஷின் பொய் சொல்லாது."

அது உண்மைதான். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது வாயையே திறக்கவில்லை.

"அப்போ அவரு பொய் சொல்றாரா?"

கறாரக்கா துணியைப் பிழிந்து உதறினாள். அக்கா சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொண்டே வளர்ந்தவள் தங்கை. தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து புருஷனை நம்புவதை நிறுத்தினாள்.

அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறாரக்கா பிரம்பு நாற்காலியில் இருக்கும்போதே அவன் பணிமனையிலிருந்து வந்தான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. தங்கை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க, வாயத் தொறங்க."

"அக்கா இருக்காங்கடி."

"இருக்கட்டும். தொறங்க."

அவன் கறாரக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "டிக்கெட் பரிசோதனைக்கா. தினமும் நடக்கும். ஓசியில வீட்டுக்குள்ள ஏற முடியாது." பிறகு பள்ளிப் பிள்ளைபோல வாயைத் திறந்து ஊதினான். தங்கை மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "போங்க" என்றாள். அவன் உள்ளே போனான்.

கறாரக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்திருந்தது. வாயைத் திறந்தபோது நாக்கை மேலே தூக்கினான். நாக்கின் அடிப்பக்கம் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். கழுத்தில் சீப்பின் கோடுகள். ரத்தத்தோடு முப்பது வருஷம் புழங்கியவளுக்கு இதை வேறு யார் சொல்ல வேண்டும்? கசப்பு, அரிப்பு, சோர்வு என்று ஒவ்வொன்றும் அவள் கண்முன்னேதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய புட்டிக்குள் போட்டு மூடியிருந்தாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போனாள். குளிர்பெட்டியில் பதினேழாம் குழாயின் மிச்சம் இருந்தது. மறுபடி ஓட்டினாள். அதே சரிவு, அதே சிவப்புப் புள்ளி. இந்த முறை சுவரை நிமிர்ந்து பார்த்தாள், வாசித்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

உடனே போய்ச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷ மனசு அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருமா? கோட்டைப் பற்றிப் பேசாமலே காரியத்தை முடித்துவிடப் பார்த்தாள். அன்று மதியமே பணிமனைக்குப் போனாள். அவன் பேருந்தின் சக்கரத்துக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு நல்ல ஈரல் டாக்டரப் போய்ப் பாருங்க. நான் துணைக்கு வரேன்."

அவன் குழாயை மூடினான். "போன வாரமே போயிட்டேங்க்கா. சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கமே இல்ல. மருத்துவமனையில கம்பெனிப் பேப்பர எடுத்து மேசையில வச்சுக்கிட்டாங்க. 'முதல்ல குடிய நிறுத்து. மூணு மாசம் நிறுத்திட்டு வா, பாக்கலாம்'னாங்க. குடிச்சாத்தானக்கா நிறுத்த முடியும்? நிறுத்துறதுக்காகவாவது குடிக்கணும் போல."

சிரிக்கத்தான் சொன்னான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பேப்பரு ஒங்க கூடத்துப் பேப்பருதானேக்கா? ஒங்க முத்திரை பாத்தேன். கீழ கையெழுத்து யாருதுன்னு புரியல, கிறுக்கியிருக்கு. அவங்களத் தெரியுமா ஒங்களுக்கு? தெரிஞ்சா ஒரு வார்த்த கேளுங்க. திட்ட வேணாம். எதப் பாத்துச் சொன்னாங்கன்னு மட்டும் கேளுங்க."

கறாரக்கா நனைந்த தரையில் நின்றாள். "கேக்குறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லை மென்று விழுங்க அவளுக்குத் தெரு முழுவதும் ஆயிற்று.

அந்தக் காகிதம் உயிரோடு இருக்கிறவரை எந்த டாக்டரும் அவன் ஈரலைத் திறந்த மனசோடு பார்க்கப் போவதில்லை. மூன்று மாதம் அந்த ஈரல் பொறுக்குமா என்பதும் தெரியாது. காகிதத்தைக் கொல்ல வேண்டுமானால், அதைப் பெற்றவள் யார் என்று சொல்லியாக வேண்டும். வேறு வழி இல்லை.

கூடத்துத் தலைமை டாக்டரம்மா நல்ல மாதிரி. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒட்டியிருக்கே. கோடு எப்படி வந்துச்சு?"

"நான் போட்டேன் டாக்டர்."

"கவனிக்காம விட்டிருப்பீங்க."

"கவனிச்சேன். யாரு குழாயின்னும் தெரியும். என் தங்கச்சி புருஷன். குடிக்கிறான்னு முடிவு பண்ணிட்டுத்தான் போட்டேன்."

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முப்பது வருஷப் பழக்கம், விட்டுக்கொடுக்க மனசு வருமா? கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெஷின் கோளாறுன்னு எழுதி, திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்லிடலாம். உங்களுக்கும் கஷ்டம் இல்ல."

"வேணாம் டாக்டர். திரும்ப எடுத்தா இன்னும் நாள் தள்ளிப்போகும். மேடு ஒட்டியிருக்குன்னு இன்னிக்கே எழுதுங்க. ஈரலப் பாக்கச் சொல்லி எழுதுங்க. கோடு போட்டது யாருன்னு கேட்டா என் பேர எழுதுங்க."

"வேலைக்கே ஆபத்துங்க."

"அந்த மெஷின் பாவம் டாக்டர். தெரியலன்னு அது ஒழுங்காச் சொல்லிச்சு."

திருத்திய காகிதம் அன்றே கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் போயிற்று. மருத்துவமனையில் அவனை உள்ளே படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற சன்னக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தன. ஈரலில் பாதி கெட்டிப்பட்டிருந்தது. குடிப்பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அடைத்த குழாயை விரித்துவிட்டார்கள். இன்னும் முன்னால் வந்திருந்தால் நல்லது என்று ஒரு டாக்டர் போகிற போக்கில் சொன்னார். எவ்வளவு முன்னால் என்று கறாரக்கா கேட்கவில்லை. நாள் கணக்கு அவளிடம் இருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாற்பத்தாறு நாள்.

தங்கையிடம் அவள் மருத்துவமனை நடைபாதையில் வைத்துச் சொன்னாள். பொத்தானை வைத்துத்தான் சொன்னாள், வேறெப்படிச் சொன்னாலும் தங்கைக்கு விளங்காது. நாலு பொத்தான், இரண்டு பொத்தான், கூடுதலாகத் தைத்தது, ஒட்டிப்போன மேடு, கோடு. தங்கை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட மெஷின் பொய் சொல்லாதுன்ன."

"ஆமா."

"நாப்பது நாளா அவர் வாய மோந்து பாத்தேன்கா. நாய் மாதிரி மோந்து பாத்தேன். அந்த மனுஷன் தெனமும் தொறந்து காட்டுனாரு." முகத்தை மூடிக்கொண்டாள். "நீ பண்ணதக்கூட நான் பொறுத்துக்குவேனோ என்னவோ. என்னையும் பண்ண வச்சிட்டியே."

கறாரக்கா கையை நீட்டினாள். தங்கை நகர்ந்து உட்கார்ந்தாள்.

கூடத்தில் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் குழாய்களை வாங்கி எண் போட்டு அடுக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். யார் காலடிச் சத்தத்துக்கும் இப்போது யாரும் மேசையைத் துடைப்பதில்லை. கறாரக்கா என்று கூப்பிடுவதையும் மெல்ல நிறுத்திவிட்டார்கள். அம்மா என்கிறார்கள். அந்த மரியாதை அவளுக்கு அடிபோல விழுந்தது.

அவன் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். பிரம்பு நாற்காலியில் உட்காரவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு, உள்ளே நடந்துபோய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு கொதிக்கிற வாசம். தங்கை திரும்பிப் பார்த்தாள். மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். மூன்றாவது இடத்தில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எதிரே உட்கார்ந்தான். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருந்தது. தட்டுகளைப் பார்த்தான்.

"ஏய், அக்காவுக்குத் தட்டு வைக்கலையா?"

"அவங்க நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாங்க" என்றாள் தங்கை. "தெரியாதா ஒங்களுக்கு?"

அவன் கறாரக்காவைப் பார்த்தான். வேடிக்கையாக ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு நாள் அவன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"தம்பி, அந்தக் கையெழுத்து என்னோடதுதான்" என்றாள் அவள்.

"தெரியும்க்கா. இவ சொன்னா."

"எதப் பாத்துச் சொன்னாங்கன்னு கேக்கச் சொன்னீங்களே. எதையும் பாக்கல. பாக்காமதான் போட்டேன்."

அவன் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுத்தான் பேசினான். "அந்த மருந்துப் புட்டிய நானும் பாக்காமதான் போட்டேன்."

மன்னித்தானா, குத்திக்காட்டினானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை. டம்ளரை எடுத்தாள். அவர்கள் இருவரும் சாப்பிட்டு முடிக்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். தட்டுகளை எடுத்துக் கழுவ எழுந்தாள். தங்கை தடுக்கவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். மேசையில்தான் உட்காருகிறாள். டம்ளர்தான் வருகிறது.